அப்பாவின் உண்மைப் பெயர்
கடிதக் கட்டு சொன்ன ரகசியம்

அந்த வீட்டில் மூன்று குழந்தைகள். இரண்டு ஆண், ஒரு பெண். ஊர், மேற்கு ஜெர்மனியில் மியூனிச் நகரத்தை ஒட்டிய பகுதி. காலம், 1960-களின் கடைசி.

அப்பா வீட்டில் இருப்பதில்லை. ஆண்டுக்கு ஒருசில தடவைதான் வருவார். சில நாள் தங்குவார். பிறகு போய்விடுவார். நல்ல உயரம். அமெரிக்கர். குழந்தைகளுக்குத் தெரிந்த அவருடைய பெயர் 'கேரு கென்ட்'. எங்கே இருக்கிறார், என்ன வேலை செய்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட அப்பா புதியவர் அல்ல. அப்பா பம்பாயில் இருந்தார், பிள்ளைகள் திருநெல்வேலியில் வளர்ந்தார்கள் என்றால், பொங்கலுக்கும் கோவில் கொடைக்கும்தான் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடிந்தது. ஆனால் மணியார்டர் கூப்பனில் அப்பாவின் பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்டால் சொல்வதற்கு அந்தப் பெயர் உதவியது.

மியூனிச் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. அவர்கள் அறிந்திருந்த பெயரே பொய்ப் பெயர்!

உலகம் கொண்டாடிய வீரர்

அந்த மனிதரின் உண்மைப் பெயர் சார்லஸ் லிண்ட்பர்க். 20-ம் நூற்றாண்டில் அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு.

1927-ம் ஆண்டு மே 20-ந் தேதி காலை. நியூயார்க் அருகே ஒரு மைதானத்தில் இருந்து, ஒற்றை என்ஜின் பொருத்திய சிறிய விமானத்தில் அவர் தன்னந்தனியாகக் கிளம்பினார். வழியில் எங்கும் இறங்கவில்லை. தூங்கவும் இல்லை. சுமார் 3 ஆயிரத்து 600 மைல் பறந்து, முப்பத்து மூன்றரை மணி நேரம் கழித்து, மறுநாள் இரவு பாரிஸ் நகரில் இறங்கினார். அட்லாண்டிக் கடலை இடையில் எங்கும் நிற்காமல் தனியாகக் கடந்த முதல் விமானி அவர்தான். அப்போது அவருக்கு வயது 25.

1929-ல் ஆன் மோரோ என்ற பெண்ணை மணந்தார். ஆன், பிற்காலத்தில் புகழ் பெற்ற எழுத்தாளர் ஆனார். கணவனும் மனைவியும் சேர்ந்தே விமானம் ஓட்டினார்கள். 1937-ல் இருவரும் சிறிய விமானத்தில் இந்தியாவுக்கும் வந்தார்கள். ராமகிருஷ்ண பரமஹம்சரின் நூற்றாண்டையொட்டிக் கல்கத்தாவில் நடந்த சர்வமத மாநாட்டுக்கும் போனார்கள்.

அதற்கு முன்பே அந்தக் குடும்பத்தில் பேரிடி ஒன்று விழுந்திருந்தது. 1932-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி இரவு, தொட்டிலில் தூங்கிய அவர்களுடைய முதல் குழந்தையை யாரோ கடத்திப் போனார்கள். 50 ஆயிரம் டாலர் பணம் கொடுத்தும் குழந்தை திரும்பவில்லை. மே 12-ந் தேதி பிணம்தான் கிடைத்தது. பத்திரிகைக்காரர்களின் தொல்லை தாங்காமல், லிண்ட்பர்க் 1935 டிசம்பரில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

அவருடைய புகழிலும் கறை படிந்தது. 1938-ல் ஹிட்லர் அரசின் பதக்கம் ஒன்றை அவர் வாங்கிக்கொண்டார். 1941-ல், அமெரிக்கா போரில் சேரக்கூடாது என்று மேடை ஏறிப் பேசினார். அந்தப் பேச்சில் யூதர்களைக் குறை சொன்னது பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. போருக்குப் பிறகு அவர் மெல்ல மெல்ல மதிப்பை மீட்டுக்கொண்டார். 1954-ல் புலிட்சர் பரிசு பெற்றார். கடைசிக் காலத்தில் காட்டு விலங்குகளையும் திமிங்கிலங்களையும் காப்பாற்றப் பாடுபட்டார்.

உலகத்துக்குத் தெரிந்த லிண்ட்பர்க் இவ்வளவுதான்.

கண்டிப்பான தந்தை

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருந்த வீட்டில் அவர் மிகவும் கண்டிப்பானவர். கடத்தலில் இறந்த குழந்தைக்குப் பின் பிறந்த ஐந்து பேர் அங்கே வளர்ந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பட்டியல் வைத்திருப்பார். யார் என்ன தவறு செய்தார்கள், யாருக்கு என்ன புத்திமதி சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். மனைவியும் வீட்டுச் செலவுக்குக் காசு காசாகக் கணக்கு எழுத வேண்டும்.

ஆனால் அவர் வீட்டில் நிலையாக இருந்ததே இல்லை. பெரிய விமானக் கம்பெனி ஒன்றின் ஆலோசகர் என்பதால் உலகம் முழுவதும் சுற்றிக்கொண்டே இருந்தார். எப்போது போவார், எப்போது வருவார் என்பது மனைவிக்கே முன்கூட்டித் தெரியாது.

அந்தப் பயணங்களில்தான் இன்னொரு வாழ்க்கை ஒளிந்திருந்தது.

மியூனிச் காதல்

1957-ல் மியூனிச் நகரில் தொப்பி செய்யும் பெண் ஒருவரை அவர் சந்தித்தார். அவரைவிட அந்தப் பெண் 24 வயது இளையவர். நட்பு காதலாயிற்று. 1958-ல் ஒரு மகன், 1960-ல் ஒரு மகள், 1967-ல் மற்றொரு மகன் என்று மூன்று குழந்தைகள் பிறந்தன.

கதை அதோடு முடியவில்லை. அந்தப் பெண்ணின் சொந்தச் சகோதரியுடனும் அவருக்கு உறவு ஏற்பட்டது. அதில் இரண்டு மகன்கள். ஐரோப்பாவில் அவருக்குச் செயலாளராக வேலை பார்த்த பெண்ணுடன் இன்னொரு உறவு. அதில் ஒரு மகன், ஒரு மகள். 1958-க்கும் 1967-க்கும் இடையே ஐரோப்பாவில் அவருக்குப் பிறந்த பிள்ளைகள் மொத்தம் ஏழு பேர்!

அந்தச் சகோதரி சுவிட்சர்லாந்தில் வசித்தார். ஆன் அம்மையாரோடு தங்குவதற்காக லிண்ட்பர்க் வாங்கிய மலை வீடும் அதே நாட்டில்தான் இருந்தது.

மூன்று பெண்களும் கடைசிவரை வேறு யாரையும் மணக்கவில்லை. வாயும் திறக்கவில்லை. பெற்ற பிள்ளைகளிடம்கூட, "உன் அப்பா இன்னார்" என்று சொல்லவில்லை.

நம் பக்கத்தில் 'சின்ன வீடு' என்பார்கள். ஊருக்குத் தெரியும், உறவுக்குத் தெரியும், பெரிய வீட்டுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்கள், அவ்வளவுதான். லிண்ட்பர்க் வீட்டு ரகசியமோ நிஜமாகவே ஒருவருக்கும் தெரியாத ரகசியம். அமெரிக்காவில் இருந்த பிள்ளைகளுக்கு ஐரோப்பாவில் உடன்பிறந்தவர்கள் இருப்பது தெரியாது. ஐரோப்பாவில் இருந்த பிள்ளைகளுக்குத் தங்கள் தகப்பனே யாரென்று தெரியாது.

சாவதற்குப் பத்து நாள் முன்பு

1974-ல் லிண்ட்பர்க்குக்குப் புற்றுநோய் முற்றியது. பிழைக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கடைசி நாட்களை ஹவாய்த் தீவில் கழிக்க விரும்பி, நியூயார்க் ஆஸ்பத்திரியில் இருந்து அங்கே போனார். தமது சவப்பெட்டி எப்படி இருக்க வேண்டும், புதைகுழி எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் தாமே திட்டம் போட்டார். அந்த ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி இறந்தார். வயது 72.

இறப்பதற்குப் பத்து நாட்களுக்கு முன், படுத்த படுக்கையில் இருந்தபடியே மூன்று பெண்களுக்கும் கடிதம் எழுதினார். தம் காலத்துக்குப் பிறகும் ரகசியத்தைக் கட்டிக் காக்க வேண்டும் என்பதே அந்தக் கடிதங்களின் சாரம்.

மியூனிச் வீட்டின் கடைக்குட்டிக்கு அப்போது ஏழு வயது இருக்கும். அதற்குப் பிறகு 'கேரு கென்ட்' வரவே இல்லை.

மகள் கண்ட கடிதங்கள்

ஆண்டுகள் ஓடின. 1980-களின் நடுப்பகுதி. மியூனிச் வீட்டு மகளுக்கு இருபத்தைந்து வயது அளவில் இருக்கும். லிண்ட்பர்க் பற்றி ஒரு பத்திரிகையில் வந்த கட்டுரையை அவள் படித்தாள்.

வீட்டில் சில புகைப்படங்கள் கிடைத்தன. கூடவே கடிதங்கள்! ஒன்றல்ல, இரண்டல்ல, 150-க்கும் மேல். எல்லாம் தாய்க்கு அவர் எழுதியவை. சில நாள் இருந்துவிட்டுப் போன அந்த உயரமான மனிதர் யார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேறு யாராவது என்றால் மறுநாளே பத்திரிகை ஆபீசுக்கு ஓடியிருப்பார்கள். பணத்தைக் கொட்டிக் கொடுக்க ஆள் இருந்தது. ஆனால் அந்த மகள் ஓடவில்லை. தாய் உயிரோடு இருந்தாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஆன் அம்மையாரும் உயிரோடு இருந்தார். உண்மையைச் சொன்னால் இருவருடைய மனமும் உடையும். மகளும் தாயைப் போலவே வாயை மூடிக்கொண்டாள்.

1998-ல் லிண்ட்பர்க்கின் பெரிய வாழ்க்கை வரலாறு ஒன்று வெளிவந்தது. எழுதியவர் ஸ்காட் பெர்க். குடும்பத்தார் வைத்திருந்த காகிதங்களை எல்லாம் பார்க்க அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. அந்த நூல் புலிட்சர் பரிசும் பெற்றது. அதில்கூட இந்த ஏழு பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. பெட்டி பெட்டியாக இருந்த காகிதங்களில் கிடைக்காத உண்மை, மியூனிச் வீட்டுக் கடிதக் கட்டில் கிடந்தது.

மவுனம் கலைந்தது

2001-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி ஆன் அம்மையார் தமது 94-வது வயதில் காலமானார். அதே ஆண்டு மியூனிச் தாயும் இறந்தாள். இனி யார் மனமும் நோக வழியில்லை.

2003 ஆகஸ்டில் மூன்று பேரும் வெளியே வந்தார்கள். மியூனிச் நகரின் பெரிய நாளிதழ் ஒன்று செய்தியை வெளியிட்டது. உலகமே வியந்தது. 'பணத்துக்காகக் கட்டிய கதை' என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. ஆனால் தங்களுக்குச் சொத்து வேண்டாம், பங்கு வேண்டாம், அவர் எங்கள் தந்தை என்று ஒப்புக்கொண்டால் போதும் என்று மூவரும் சொன்னார்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் மியூனிச் பல்கலைக்கழகத்தில் நடந்த மரபணுச் சோதனையின் முடிவு வந்தது. லிண்ட்பர்க்தான் தந்தை என்பது உறுதியாயிற்று.

அமெரிக்க மகளின் கோபம்

ஐரோப்பாவில் ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தது. அமெரிக்காவிலோ புதிய கேள்விகள் முளைத்தன. பட்டியல் போட்டு ஒழுக்கம் கற்பித்த அப்பாவா இப்படி? தாய்க்குத் தெரியுமா, தெரியாதா? கேட்கலாம் என்றால் இருவருமே உயிரோடு இல்லை.

கடைசி மகள் ரீவ் லிண்ட்பர்க் ஓர் எழுத்தாளர். தாயைக் கடைசிவரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர். முதலில் அவருக்குத் தந்தையின் மீது கடுங்கோபம் வந்தது. ஆனால் ஐரோப்பாவில் இருந்த உடன்பிறந்தவர்கள் மீது அந்தக் கோபத்தைக் காட்டவில்லை. அவர்கள் செய்த குற்றம் என்ன? விமானம் ஏறிப்போய் அவர்களைச் சந்தித்தார். அந்த அனுபவத்தை 2008-ல் வெளிவந்த தமது நூலில் மறைக்காமல் எழுதினார்.

லிண்ட்பர்க்குக்குப் பிறந்த பிள்ளைகள் மொத்தம் பதின்மூன்று பேர். அவர் உயிரோடு இருந்தவரை அவர்களில் யாருக்கும் அந்த எண்ணிக்கை தெரியாது.

பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது

நம் நாட்டில் இந்து திருமணச் சட்டம் 1955-ல் வந்தது. மனைவி உயிரோடு இருக்கும்போது செய்யும் இரண்டாம் திருமணம் அந்தச் சட்டப்படி செல்லாது. ஆனால் அப்படிப்பட்ட திருமணத்தில் பிறந்த பிள்ளையைச் சட்டம் தள்ளி வைக்கவில்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் தந்தைக்குச் சேரும் பங்கில் அந்தப் பிள்ளைக்கும் உரிமை உண்டு என்று 2023 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. பெற்றவர் செய்த தவறுக்குப் பிள்ளை பொறுப்பல்ல என்பதே இதன் கருத்து.

சொத்தைக் கோர்ட்டு பிரித்துக் கொடுக்கலாம். அப்பாவின் பெயரை அறிந்து வளரும் நிம்மதியை எந்தக் கோர்ட்டும் பின்னால் வாங்கித் தர முடியாது. மியூனிச் மூவரும் கேட்டது அந்தப் பெயரைத்தான். அது கிடைத்தபோது மூத்தவருக்கு வயது நாற்பத்தைந்து.

பெரியவர் ஒருவர் காலமானதும் வீட்டில் பீரோவைத் திறக்கிறார்கள். டிரங்குப் பெட்டியை ஒழிக்கிறார்கள். பத்திரம் எங்கே, பாஸ் புத்தகம் எங்கே என்று தேடுகிற கைகளுக்குச் சில நேரம் பழைய கடிதமோ, அறியாத முகம் கொண்ட புகைப்படமோ அகப்படுகிறது. அதைக் கிழித்துப் போடுவது சுலபம். தெருவில் போட்டு உடைப்பதும் சுலபம்.

மியூனிச் மகள் இரண்டையும் செய்யவில்லை. கடிதக் கட்டை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தாள். இரண்டு தாய்மார்களும் கண்ணை மூடிய பிறகுதான் அதை வெளியே எடுத்தாள்.

உலகை வியக்க வைத்த தகப்பன் தன் பெயரை மறைத்தான். அந்தப் பெயரை மகள் மீட்டாள். அதற்காக யாருடைய கண்ணிலும் அவள் நீர் வர வைக்கவில்லை.