மூங்கிற் புதரில் இரு குரல்கள்

ஆண்டிஸ் மலைத்தொடர் கொலம்பியா தேசத்தில் மூன்று கிளைகளாகப் பிரிந்து வடக்கே செல்ல, அவற்றுள் கீழைக் கிளைக்கும் நடுக்கிளைக்கும் இடையே மக்தலேனா நதி உஷ்ணம் மிகுந்ததொரு பள்ளத்தாக்கை வகுத்துக்கொண்டு ஓடுகிறது. அதன் இருமருங்கிலும் மூடுபனி தவழும் சரிவுகளில், சுஸ்கியா என்னும் மலை மூங்கிற் புதர்களுக்குள்ளே, ஏறக்குறைய 15 செ.மீ. நீளமே உள்ள இரண்டு எறும்புப் பறவைகள் வசிக்கின்றன. கீழைக் கிளையில் இருப்பது கிழக்கு ஆண்டிஸ் எறும்புப் பறவை. நடுக்கிளையிலும் மேலைக் கிளையிலும், அங்கிருந்து தெற்கே பொலிவியா வரையிலும் இருப்பது கீற்றுத்தலை எறும்புப் பறவை. இக்குடும்பத்தில் சில ஜாதிகள் படையெறும்புகளைப் பின்தொடர்ந்து, அவற்றுக்கு அஞ்சி வெளிப்படும் பூச்சிகளைப் பிடித்துண்ணும். இவ்விரண்டுக்கும் அந்த வழக்கமில்லை, மூங்கிலிலைகளின் நடுவே இரை பொறுக்குவதே இவற்றின் ஜீவனோபாயம்.

ரூபத்தைக் கொண்டு இவற்றைப் பேதப்படுத்த முயல்வது வீண் பிரயாசை. இரண்டிலும் ஆணுக்குக் கறுப்பும் வெள்ளையுமான கீற்றுகள், செம்பழுப்பு விலா, நுனியில் வெண்மை தோய்ந்த நீண்ட வால். இரண்டிலும் பெட்டை சற்றே செம்மை படர்ந்தது. கிழக்கு ஆண்டிஸ் பறவையை ஆங்கிலேயரான ஸ்க்ளேட்டர் 1855-இலும், கீற்றுத்தலைப் பறவையை நியூயார்க் மியூசியத்துச் சாப்மன் 1912-இலும் பெயரிட்டிருந்தும், நெடுங்காலம் இரண்டும் ஒரே ஜாதியின் உட்பிரிவுகளாகவே எண்ணப்பட்டு வந்தன. அவ்வாறு எண்ணியவர்களைக் குறை கூறுவது நியாயமன்று; பஞ்சடைத்த தோல் பாடுவதில்லையே!

மைனாக் குஞ்சு மூத்த பறவைகளைக் கேட்டுப் பாடக் கற்கிறது. எறும்புப் பறவைக்கோ பாட்டு குருவின்றி வருவது. பிறவியிலேயே அமைந்த சொத்து. ஆகவே இரு கூட்டங்களின் பாட்டு வேறுபடுமாயின், அது ஊருக்கு ஊர் மாறும் பழக்கமன்று, வம்சமே கிளைத்துப் போனதற்குச் சாட்சியம் என்று கொள்ள இடமுண்டு. இதை ஆதாரமாக வைத்துப் பறவையியலாளரான ஐஸ்லர் தம்பதியரும் விட்னியும் 1998-இல் ஓர் அளவுகோலை வகுத்தனர்: ஒரே வனத்தில் கலப்பின்றி வாழும் நெருங்கிய ஜாதிகளின் குரல்களை ஒப்பிட்டு, குறைந்தது மூன்று ஒலிக்கூறுகளில் தெளிவான பேதம் இருக்கக் கண்டு, மலைகளாலும் நதிகளாலும் பிரிந்து வாழும் கூட்டங்களுக்கும் அதையே பிரமாணமாக்கினர். எண்ணிக்கையைக் கொண்டு இயற்கையை நிர்ணயிப்பதில் எனக்குச் சிறிது தயக்கமுண்டு. எனினும் கண்ணுக்குப் புலப்படாததைக் காட்டித் தந்த அளவுகோலை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

2012-இல் ஐஸ்லரும், க்வெர்வோ, ப்ராவோ, ப்ரம்ஃபீல்டு ஆகியோரும் குரல்களோடு மரபணுக்களையும் சேர்த்து ஆராய்ந்தபோது இரு சாட்சியங்களும் ஒன்றையொன்று ஆதரித்தன. இரண்டு என்பதோடும் அது நிற்கவில்லை: கரீபியன் கடலோரம் தனித்து நிற்கும் சாந்தா மார்த்தா மலையில் ஒன்று, பெரிஹா மலையிலும் வெனிசுவேலாவின் வடபகுதி மலைகளிலும் மற்றொன்று என, ஒரே பெயரின் கீழ் அடங்கியிருந்தவை நான்கு ஜாதிகளாயின.