ஸ்போர்ட் பட்டனை அழுத்தினால் உண்மையில் என்ன நடக்கிறது?

2008-ல் வந்த போர்ஷே 911 கரேரா எஸ் காரின் விவரத்தாளில் ஒரு சின்ன விநோதம் உண்டு. இன்ஜின் ஒன்றுதான்: 3.8 லிட்டர், 385 குதிரைசக்தி. ஆனால் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தொட மூன்று வெவ்வேறு நேரங்கள் போட்டிருப்பார்கள். மேனுவல் கியர் என்றால் 4.7 விநாடி. பி.டி.கே. என்னும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் என்றால் 4.5. அதே பி.டி.கே.யில் ஸ்போர்ட் ப்ளஸ் பட்டனை அழுத்திக் கிளம்பினால் 4.3.

இத்தனைக்கும் பி.டி.கே. பெட்டி மேனுவலைவிட கனமானது. முதல் ஆறு கியர்களின் விகிதங்களும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. பிறகு எங்கிருந்து வந்தது இந்த நேரம்?

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த இன்ஜினின் உச்சச் சுழற்சி 7500 ஆர்.பி.எம். டயர் சுற்றளவையும் கியர் விகிதத்தையும் வைத்துப் பார்த்தால் முதல் கியர் சுமார் 70 கி.மீ. வேகம் வரை இழுக்கும். இரண்டாவது கியர் 115-ஐத் தாண்டும். அதாவது நூறைத் தொடுவதற்குள் கியர் மாற்றுவது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒற்றை மாற்றத்தில்தான் முதல் 0.2 விநாடி ஒளிந்திருக்கிறது. அதை முதலில் பார்ப்போம். பட்டன் கதை பிறகு.

மேனுவலில் கியர் மாற்றும்போது என்ன செய்கிறோம்? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறோம், கிளட்சை மிதிக்கிறோம், குச்சியைத் தள்ளுகிறோம், கிளட்சை விடுகிறோம், மறுபடி ஆக்சிலரேட்டர். இந்த நேரம் முழுக்க இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இல்லை. கார் சும்மா உருண்டுகொண்டிருக்கிறது. எவ்வளவு கைதேர்ந்த ஓட்டுநராக இருந்தாலும் இந்த இடைவெளி குறையுமே தவிர மறையாது.

இதே வேலையை மோட்டாரும் ஹைட்ராலிக்ஸும் செய்தால்? அதைத்தான் ஃபெராரி 1997-ல் எஃப்355 காரில் செய்தது. ஒரே கிளட்ச், சாதாரண மேனுவல் பெட்டி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு பேடில். ரேஸ் காரில் இதற்கு எட்டு வருடம் முன்பே வந்துவிட்டது: 1989 பிரேசில் கிராண்ட் ப்ரீயில் நைஜல் மான்செல் ஓட்டி ஜெயித்த ஃபெராரி 640. கிளட்ச் மிதி போய்விட்டது, இடைவெளி மட்டும் அப்படியே நின்றது. மெதுவாக ஓட்டும்போது ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் தலை முன்னே போய்ப் பின்னே வரும். இந்தியாவில் 2014-ல் மாருதி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி.யை ஓட்டியவர்களுக்கு இந்தத் தலையாட்டல் நன்றாகத் தெரியும். தற்செயல் இல்லை. ஃபெராரிக்கு அந்த அமைப்பைக் கொடுத்த மாக்னெட்டி மரெல்லி நிறுவனம்தான் செலேரியோவுக்கும் கொடுத்தது. விலையில் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம், ஆனால் தத்துவம் ஒன்று.

இரட்டை கிளட்சின் யோசனை எளிமையானது. ஒரே பெட்டிக்குள் இரண்டு கியர்பாக்ஸ். ஒரு கிளட்சுக்கு 1, 3, 5, 7. இன்னொரு கிளட்சுக்கு 2, 4, 6. இரண்டு தண்டுகளில் ஒன்று குழாய் மாதிரி உள்ளீடற்றது. மற்றது அதன் உள்ளே சுழல்கிறது. நீங்கள் இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே மறு தண்டில் மூன்றாவது கியர் ஏற்கெனவே கோத்து வைக்கப்பட்டிருக்கும். அதன் கிளட்ச் மட்டும் திறந்திருப்பதால் அது சும்மா சுற்றுகிறது. கட்டளை வந்ததும் ஒரு கிளட்ச் விடுகிறது, அதே நேரத்தில் மற்றது பிடிக்கிறது. தொடர் ஓட்டத்தில் கோல் கைமாறுவது மாதிரி: இரண்டு பேரும் ஒரு கணம் கோலைப் பிடித்திருப்பார்கள். சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை அறுபடுவதே இல்லை.

போர்ஷே இதை முதலில் ஆக்கியது சாலைக்கு அல்ல, ரேஸுக்கு. 1980-களில் 956, 962 கார்களில் சோதித்தார்கள். அவை டர்போ கார்கள் என்பது முக்கியம். கியர் மாற்றக் காலை எடுத்தால் டர்போவின் அழுத்தம் இறங்கிவிடும், மறுபடி ஏற நேரம் பிடிக்கும். காலை எடுக்காமலே கியர் மாறினால் அந்தத் தொல்லை இல்லை. 1986-ல் மோன்ஸாவில் ஸ்டக்கும் டெரெக் பெல்லும் பி.டி.கே. பொருத்திய 962-ல் ஜெயித்தார்கள். ஆனாலும் அன்றைய மின்னணுக் கட்டுப்பாட்டை வைத்து இதைச் சாலைக் காரில் நயமாக இயக்க முடியவில்லை. 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 தான் இரட்டை கிளட்சோடு விற்பனைக்கு வந்த முதல் கார். கண்டுபிடிப்பில் முன்னால் நின்ற போர்ஷேயின் 911-க்கு அது வர 2008 ஆகிவிட்டது.

"அடுத்த கியர் தயாராக இருக்கும்" என்று எல்லோரும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு சுவாரசியமாகப் படுவது அதற்கு அடுத்த கேள்வி: எந்த கியர் அடுத்தது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. ஊகிக்கிறது. வேகம், ஆர்.பி.எம்., ஆக்சிலரேட்டர் எவ்வளவு அமுங்கியிருக்கிறது, பிரேக் பிடிக்கிறீர்களா, எவ்வளவு வேகமாகக் காலை எடுத்தீர்கள் இதையெல்லாம் பார்த்து மேலேயா கீழேயா என்று முடிவு செய்கிறது. நான்காவதில் முடுக்கிக்கொண்டிருந்தால் ஐந்தை எடுத்து வைக்கும். பிரேக் போட்டால் ஐந்தை விட்டுவிட்டு மூன்றைக் கோக்கும். பெரும்பாலும் ஊகம் சரியாக இருக்கும். தப்பினால் சின்னத் தயக்கம் தெரியும்.

இதைவிட சிக்கலான ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் ஏழாவது கியரில் 2000 ஆர்.பி.எம்.மில் சாவகாசமாகப் போகிறீர்கள். முன்னால் ஒரு லாரி. தாண்டுவதற்காக ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிக்கிறீர்கள். தேவைப்படுவது மூன்றாவது கியர். ஏழும் மூன்றும் ஒரே கிளட்சைச் சேர்ந்தவை! ஒரு கிளட்சிலிருந்து மறு கிளட்சுக்குக் கைமாற்றும் வித்தை இங்கே நேரடியாக வேலை செய்யாது. அதனால் பெட்டி இடையில் ஒரு இரட்டைப்படை கியரிடம் சுமையைக் கொடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் ஏழைக் கழற்றி மூன்றைக் கோத்து, மறுபடி இந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்குள் இன்ஜினும் வேகமேற வேண்டும். ஏழாவதின் விகிதம் 0.62, மூன்றாவதின் விகிதம் 1.65. 2000-த்தில் சுற்றிக்கொண்டிருந்த இன்ஜின் 5300-க்கு மேல் போனால்தான் இரண்டும் பொருந்தும். மிதித்தவுடன் கார் ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் பாய்வது இதனால்தான்.

இங்கேதான் ஸ்போர்ட் பட்டன் வருகிறது.

ஸ்போர்ட் மோடு இன்ஜினுக்குக் குதிரைசக்தி எதையும் கூட்டுவதில்லை. மேலே சொன்ன 385 மூன்று நேரத்துக்கும் 385 தான். அது செய்யும் முதல் வேலை, உங்களை ஏழாவது கியருக்கே போகவிடாமல் வைத்திருப்பது. கியர் ஏற்றும் புள்ளியை உயர்த்துகிறது, இறக்கும் புள்ளியை முன்னால் கொண்டுவருகிறது. லாரியைத் தாண்ட மிதிக்கும்போது நீங்கள் ஏற்கெனவே நான்காவதில் இருப்பீர்கள். மூன்று மறு தண்டில் காத்திருக்கும். தயக்கம் போய்விட்டது. கார் வலுவானது போலத் தோன்றுகிறது.

அந்த ஏழாவது கியரே எரிபொருள் சிக்கனத்துக்காக வைத்தது. காரின் உச்ச வேகம் ஆறாவதிலேயே வந்துவிடும். ஸ்போர்ட் ப்ளஸ் தானியங்கியாக ஓடும்போது அதன் பக்கம் போகப் பார்க்காது.

இரண்டாவது வேலை ஆக்சிலரேட்டரில். இன்றைய காரில் அந்த மிதிக்கும் இன்ஜினுக்கும் நடுவே கம்பி கிடையாது, சென்சார்தான் உண்டு. கால் கேட்பதை எவ்வளவு கொடுப்பது என்பதைக் கம்ப்யூட்டர் ஒரு அட்டவணையைப் பார்த்து முடிவு செய்கிறது. ஸ்போர்ட் பட்டன் அந்த அட்டவணையை மாற்றுகிறது. உதாரணத்துக்கு, நார்மலில் பாதி மிதித்தால் கிடைப்பது ஸ்போர்ட்டில் மூன்றில் ஒரு பங்கு மிதித்தாலே கிடைத்துவிடும். முழுக்க மிதித்தால் இரண்டிலும் ஒன்றே. பணக்கார கார்களில் மட்டுமல்ல, சாதாரணக் கார்களில் "ஸ்போர்ட்" என்று விற்பதில் பாதி இந்த ஒரு தந்திரம்தான். ஷோரூமில் அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பார்ப்பவரை மயக்க இதைவிட மலிவான வழி இல்லை.

மூன்றாவது, கியர் மாறும் குணம். 7000-த்தில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் இன்ஜின் சுமார் 5000-க்கு இறங்கியாக வேண்டும். அந்த 2000 சுற்றின் சுழற்சி ஆற்றல் எங்காவது போக வேண்டுமே? நார்மல் மோடில் ஒரு கணம் பற்றவைப்பைத் தாமதப்படுத்தி இன்ஜினைச் சாந்தப்படுத்தி, கிளட்சை நயமாகப் பிடிக்க வைக்கிறார்கள். உங்களுக்கு எதுவும் தெரியாது. ஸ்போர்ட் ப்ளஸில் கிளட்ச் சட்டென்று பிடிக்கிறது. சுழற்சியில் சேர்ந்திருந்த ஆற்றல் சக்கரத்துக்குப் பாய்கிறது. முதுகில் ஒரு உதை விழும். அந்த உதை நாடகத்துக்காக வைத்தது என்று சிலர் சொல்வார்கள். பாதிதான் சரி, அது வீணாகப் போகாத ஆற்றலும்கூட.

இதோடு லாஞ்ச் கன்ட்ரோலைச் சேர்த்தால் 4.3 வந்துவிடும். ஸ்போர்ட் ப்ளஸை அழுத்தி, இடது காலால் பிரேக், வலது காலால் முழு ஆக்சிலரேட்டர். இன்ஜின் ஒரு குறிப்பிட்ட சுழற்சியில் நின்று உறுமும். பிரேக்கை விட்டால் டயர் தாங்கும் அளவுக்குக் கிளட்சை வழுக்கவிட்டபடி கார் பாயும். அந்த வழுக்கலில் வரும் சூட்டை எண்ணெயில் குளித்தபடி இருக்கும் கிளட்ச் தட்டுகள் தாங்குகின்றன.

டேம்பரை இறுக்குவது, எக்ஸாஸ்ட்டைத் திறந்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டுவது எல்லாம் தெரிந்த சங்கதி. அதிகம் பேசப்படாத ஒன்று இன்ஜினைத் தாங்கும் மவுன்ட். 911-ன் இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவில் கார் திரும்பிய பிறகு அந்தக் கனம் ஒரு கணம் தாமதித்து ஆடும். மெத்தென்ற மவுன்ட் இருந்தால் அதிர்வு உள்ளே வராது, ஆனால் ஆட்டம் கூடும். 2009-ல் ஜிடி3-க்கு இதற்கொரு வழி கொடுத்தார்கள்: மவுன்டுக்குள் காந்தத் துகள் கலந்த திரவம். மின்காந்தப் புலம் கொடுத்தால் திரவம் கெட்டியாகும். நெடுஞ்சாலையில் மெத்தை, வளைவில் பாறை.

நான்காவது வேலைதான் யோசிக்க வேண்டியது. கார் வழுக்கும்போது தானாகச் சக்கரத்தைப் பிடித்து நேராக்கும் பி.எஸ்.எம். என்னும் அமைப்பு ஸ்போர்ட் ப்ளஸில் சற்றுத் தாமதமாகத் தலையிடும். ரேஸ் டிராக்கில் அது தேவை. மழை பெய்த பொதுச்சாலையில் "சும்மா சத்தம் கேட்கலாம்" என்று பட்டனை அழுத்துபவர், சத்தத்தோடு சேர்த்துப் பாதுகாப்பு வலையையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறார். சத்தத்துக்குத் தனி பட்டன் உள்ள காரில் அதை மட்டும் அழுத்துவதே நல்லது. போர்ஷேயும் இதை உணர்ந்திருக்கிறது. 2019-ல் வந்த 911-ல் முன்சக்கர வளைவுக்குள் ஒலி உணரிகள் வைத்திருக்கிறார்கள். டயர் வாரியடிக்கும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டு, வெட் மோடுக்கு மாறச் சொல்லி ஓட்டுநரிடம் கேட்கும்.

இரட்டை கிளட்ச்தான் முடிவான பதில் என்றும் நினைக்க வேண்டாம். 2011-ல் எம்5 காருக்கு ஏழு கியர் இரட்டை கிளட்ச் போட்ட பி.எம்.டபிள்யூ, 2017-ல் வந்த அடுத்த எம்5-ல் டார்க் கன்வர்ட்டர் உள்ள எட்டு கியர் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. ஊர்ந்து செல்லும் போக்குவரத்தில் கிளட்சை வழுக்கவிட்டே நகர வேண்டியிருப்பது இரட்டை கிளட்சின் பிறவிக் குறை. கன்வர்ட்டர் அதைத் திரவத்தால் செய்வதால் அலட்டிக்கொள்ளாது. மாற்றும் வேகத்திலும் நல்ல கன்வர்ட்டர் பெட்டிகள் இப்போது பக்கத்தில் வந்துவிட்டன.

வேகத்தை மட்டும் வைத்து எல்லோரும் தேர்ந்தெடுப்பதும் இல்லை. 2013-ல் 911 ஜிடி3-ஐ பி.டி.கே.யில் மட்டும்தான் விற்பேன் என்றது போர்ஷே. லாப் நேரத்தை வைத்துப் பார்த்தால் மறுக்க முடியாத வாதம். ஆனால் பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். 2016-ல் 911 ஆர் என்று 991 கார்கள் மட்டும் மேனுவலோடு செய்தார்கள். அவற்றின் விலை ஆகாயத்துக்குப் போனது. 2017-ல் ஜிடி3-க்கே மேனுவலைத் திரும்பக் கொடுத்தார்கள். 500 குதிரைசக்தி, பி.டி.கே. என்றால் 3.4 விநாடி, மேனுவல் என்றால் 3.9. அரை விநாடி மெதுவாகப் போகும் காரை ஆட்கள் விரும்பி வாங்கினார்கள். அந்த மேனுவல் காரிலும் ஒரு ஸ்போர்ட் பட்டன் உண்டு. அழுத்தினால், கியர் இறக்கும்போது இன்ஜின் சுழற்சியைக் கார் தானே ஏற்றிப் பொருத்திக் கொடுக்கும். குதிகாலாலும் விரலாலும் அதைத் தாங்களே செய்ய நினைப்பவர்கள் பட்டனைத் தொடாமல் விட்டுவிடுவார்கள்.