எண்ணெய் குடித்த மண்

உதகையை அடுத்த கேத்திப் பள்ளத்தாக்கில், சங்க அங்கத்தினர் ஒருவரின் பயிர்க்கடன் தவணை தவறியமை குறித்து விசாரிக்கச் சென்றிருந்தோம். காரட் பயிரிட்ட நிலம். ஓடையோரப் பாத்திகள் மாத்திரம் மஞ்சளித்துக் குன்றியிருந்தன. ஏனையவை செழிப்பாகவே இருந்தன. அசிரத்தை என்றே குறிப்பேட்டில் எழுதினோம். அவர் கோபிக்கவில்லை. "ஐயா, அந்த மண்ணை ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள்" என்றார். டீசல் வாடை! வாடகைக்கு எடுத்த பம்பு என்ஜின் பல மாதங்களாகக் கசிந்ததும், அவ்வப்போது மாற்றிக் கொட்டிய பழைய எண்ணெயும் அங்கே ஊறியிருந்தன.

எண்ணெய் மண் துகள்களின்மேல் படலமாகப் படிந்து, காற்றும் நீரும் புகாதபடி அடைத்துவிடுகிறது. மழை பெய்தாலும் நீர் உள்ளிறங்காமல் உருண்டோடும். வேர் மூச்சுத் திணறும். இதனினும் நுட்பமான தீங்கு ஒன்றுண்டு. எண்ணெயைத் தின்று சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலேயே இருக்கின்றன. ஆயினும் தாம் பெருகுவதற்கு வேண்டிய தழைச்சத்தைப் பயிரின் பங்கிலிருந்தே அவை எடுத்துக்கொள்கின்றன. பயிர் மஞ்சளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குளிர்ந்த மண்ணில் அவற்றின் வேலை மந்தமாதலால், சமவெளியைக் காட்டிலும் நம் மலையில் எண்ணெய் நெடுநாள் தங்கும்.

பெரிய அளவில் இது நேர்ந்ததைக் காவிரிப் படுகை கண்டது. தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று, எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் குழாய் கசிந்து, கச்சா எண்ணெய் வயலில் பரவியது. மக்கள் திரண்டனர்; தடியடியும் கைதும் நிகழ்ந்தன. படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் 2020-இல் வந்தது. புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுத்த அச்சட்டம், முன்பே நடந்துவந்த பணிகளைத் தொடவில்லை.

நீலகிரியில் எண்ணெய்க் கிணறு இல்லை, என்ஜின்கள் உண்டு. மேலே இருப்பவர் ஓடையில் கழுவிவிட்டதையே கீழே இருப்பவர் பாத்திக்கு இறைக்கிறார்.

கெட்ட மண்ணைக் கொளுத்துவதோ ஆழப் புதைப்பதோ ஆகாது. எண்ணெய் சொட்டச் சொட்ட நனைந்ததை அப்புறப்படுத்தி, மிஞ்சியதைக் கொத்திப் புரட்டிக் காற்றாட விட்டு, மட்கிய தொழு உரமும் சிறிது தழைச்சத்தும் இட்டு, ஈரம் காத்தல் வேண்டும். அதுவரை அங்கே கிழங்குப் பயிர் வேண்டாம். என்ஜினடியில் ஒரு தகரத் தட்டும் மரத்தூளும் வைத்திருந்தால் இவ்வளவு பாடும் இல்லை! பழைய எண்ணெயை டின்னில் சேர்த்து, அதற்கென உரிமம் பெற்றவரிடம் கொடுக்கலாம்.

அங்கத்தினர் கொத்தத் தொடங்கிவிட்டார். நாமும் "அசிரத்தை" என்ற சொல்லை அடித்துவிட்டு, தவணை நீட்டிப்புக்குப் பரிந்துரை எழுதினோம். நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் அதனைப் பரிசீலிக்கும்.