அலறும் மணி

உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர்கள் சில வாரங்கள் மருத்துவமனைக்குச் சென்று, தாதியரின் பணியை அருகிலிருந்து கவனிப்பதுண்டு. எதையும் சரிசெய்ய முனையாமல் பார்ப்பதே பயிற்சி; பொறியியல் படிப்பவர்க்கு அது எளிதன்று.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியை எடுத்துக்கொள்வோம். அது சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளை விரலினூடே செலுத்தி, இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியுள்ள அளவைக் கணிக்கிறது. ஆய்வகத்தில் விரல் அசையாது. அளவும் சரியாக இருக்கும். வார்டிலோ நோயாளி இருமுவார், போர்வையை இழுப்பார். அவர் விரல்கள் சில்லிட்டிருக்கும். கருவி குழம்பி, எச்சரிக்கை மணி அலறும். தாதி விரைந்து வந்து பார்த்தால் நோயாளி நலமாக இருப்பார், கவ்விதான் நழுவியிருக்கும். இது ஓரிரவில் பலமுறை நிகழ்ந்தால், உண்மையான ஆபத்தில் ஒலிக்கும் மணியும் பொருட்படுத்தப்படாமல் போகலாம்.

கருவியின் துல்லியத்தையே எண்ணி வந்த மாணவர், இப்போது தாதியிடம் கவ்வியைப் பற்றிக் கேட்கத் தொடங்குவார்.