சரமும் தமிழ் எழுத்தெண்ணிக்கையும்

நிரல்மொழிகள் கையாளும் தரவுகளுள் எண்ணைப் போலவே மிகுதியும் பயன்படுவது சரம் ஆகும். எழுத்து, எண்ணுரு, இடைவெளி, குறியீடு ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த தொடரே சரம் எனப்படும். 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சரத்தை மேற்கோள் குறிகளுக்குள் எழுதுவர். ஒற்றைக் குறியில் தொடங்கியதை ஒற்றைக் குறியாலும், இரட்டைக் குறியில் தொடங்கியதை இரட்டைக் குறியாலும் முடித்தல் வேண்டும். 5 + 5 என்பதன் விடை 10. "5" + "5" என்பதன் விடையோ "55". எண்களைக் கூட்டும் அதே குறி சரங்களை ஒட்டுகிறது. சுழியத்தில் தொடங்கும் பதிவெண்ணைச் சரமாகவே வைத்தல் நன்று. எண்ணாக மாற்றினால் முன்னுள்ள சுழியங்கள் மறைந்துவிடும்.

சரத்தின் நீளத்தை 'லெங்த்' என்னும் பண்பு தரும். சரத்தின் உறுப்புகளுக்குரிய இட எண், சுட்டெண் எனப்படும். அது 1இல் அன்றி 0இல் தொடங்குகிறது. "கடல்" என்னும் சரத்தில் 0ஆம் இடத்தில் 'க', 1ஆம் இடத்தில் 'ட' உள்ளன. இதன் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 4 என விடையளிக்கும். தமிழ் இலக்கணப்படி இச்சொல்லில் இருப்பவை மூன்று எழுத்துகளே. நான்காவது எங்கிருந்து வந்தது?

ஒருங்குறி தமிழுக்கு இடம் ஒதுக்கியபோது, இஸ்கி என்னும் இந்தியத் தரநிலையின் அமைப்பைத் தழுவியது. அதன்படி அகரமேறிய 'க' ஓர் அலகு. புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனி அலகுகள். 'க' என்பதற்கு 2965, புள்ளிக்கு 3021 என எண்கள் உள்ளன. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது என்பது நம் இலக்கணம். உயிர்மெய்யோடு புள்ளி சேர்ந்து மெய்யாகிறது என்பது கணினியின் கணக்கு. அரை மாத்திரை பெறும் 'க்' அங்கே இரண்டு அலகு பெறுகிறது. ஒரு மாத்திரை பெறும் 'க' ஓர் அலகோடு நின்றுவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுவது எழுத்தை அன்று, 16 பிட் அளவுள்ள அலகை. முகக்குறிப் படங்கள் பலவற்றிற்கு நீளம் 2 என வருவதும் இதனாலேயே.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. விண்ணப்பப் படிவம் ஒன்றில் பெயருக்குப் 10 எழுத்து வரம்பு எனக் கொள்வோம். "திருநாவுக்கரசு" என்னும் பெயரில் 8 எழுத்துகளே உள்ளன. வரம்புக்குள் அடங்க வேண்டும். ஆனால், அலகுகள் 14. 'ஸ்லைஸ்' என்னும் வழிமுறையால் 0 முதல் 10 அலகுகளை வெட்டி எடுத்தால் "திருநாவுக்" என்பது மட்டுமே எஞ்சும். குறை பெயரில் இல்லை. நிரலர் அலகை எழுத்தென்று கருதியதில் உள்ளது.

சொல்லைத் திருப்பும்போதும் இவ்வாறே. "விகடகவி" எப்பக்கம் படித்தாலும் ஒன்றே. இதனை அலகு அலகாகப் பிரித்துத் தலைகீழாக்கினால், இறுதி எழுத்தின் இகரக்குறி முதலில் வந்து எவ்வெழுத்தையும் சாராது நிற்கும். இரண்டும் ஒன்றல்ல என நிரல் கூறிவிடும். ஒப்பிடுதலிலும் ஓர் இடர் உண்டு. "கொடி" என்பதிலுள்ள ஒகரக்குறியை ஓர் அலகாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என ஈரலகாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை இருவேறு சரங்கள். தேடலில் ஒன்று கிடைத்து மற்றொன்று கிடைக்காமற் போகும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் 'நார்மலைஸ்' வழிமுறையால் ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும்.

முனைகளிலுள்ள தேவையற்ற இடைவெளிகளை 'டிரிம்' நீக்கும். ஒரு சொல்லுக்கு மாற்றாக மற்றொன்றை 'ரீபிளேஸ்' இடும். இவை மூலச்சரத்தை மாற்றுவதில்லை. புதிய சரத்தையே தருகின்றன. அதனை ஒரு மாறியில் ஏற்றிக்கொள்ளாவிடின் செய்த வேலை வீணாகும். தொடக்கநிலை மாணவர் பெரிதும் தடுமாறும் இடம் இது.

எழுத்தை எழுத்தாகவே எண்ணுவதற்கு இக்காலத்தில் 'இன்டல் செக்மென்டர்' என்னும் வசதி உள்ளது. அதன் துணையின்றியும் எண்ணலாம். துணைக்குறிகளும் புள்ளியும் 3006 முதல் 3021 வரையுள்ள எண்களுக்குள் அடங்கும். ஔகாரக் குறியின் பிற்பகுதி மட்டும் தனியே 3031ஆக எழுதப்படுவதுண்டு. ஒவ்வோர் அலகின் எண்ணையும் 'சார் கோட் அட்' வழிமுறையால் பெற்று, இவற்றுள் அடங்குவனவற்றை விட்டு ஏனையவற்றை எண்ணினால் "திருநாவுக்கரசு" 8 எனவும், "கடல்" 3 எனவும் வரும். ஆய்தத்தின் எண் 2947. எனவே அது தனியெழுத்தாகவே எண்ணப்பட்டு, "அஃது" என்பதற்கும் 3 என்றே விடை கிடைக்கும்.