ஆழ்கடலில் புளூடூத்

பாக் ஜலசந்தியில் விசைப்படகுகளின் நெருக்கத்தைத் தணித்து மீனவரை ஆழ்கடலுக்குத் திருப்பும் நோக்கத்துடன், சூரை மீன் பிடிக்கும் தூண்டில் படகுகளுக்கான அனுமதிக் கடிதங்கள் 2017 ஜூலையில் இராமேசுவரத்தில் பிரதமர் கையால் வழங்கப்பட்டன. யோசனை நல்லதுதான். எனினும், கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டியதுமே கைப்பேசி ஊமையாகிவிடும் என்ற சாமானிய உண்மை, அவ்வாண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் மூண்டெழுந்து, முன்னமே தொழிலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டாமல் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோன பிறகே, அதிகாரிகளின் மனத்தில் நன்றாய்ப் பதிந்தது எனலாம்.

2019 அக்டோபரில் வெளிவந்த 'ஜெமினி' என்னும் கருவி இக்குறையை நீக்க எழுந்ததே. ஐதராபாத்தின் இன்காயிஸ் நிலையத்தார் அனுப்பும் புயல், பேரலை எச்சரிக்கைகளும், மீன் திரளக்கூடிய இடங்களின் குறிப்புகளும், ஆகாய விமானங்களுக்கு வழிகாட்டுவதற்கென்று அமைத்த 'ககன்' செயற்கைக்கோள்களுக்கு ஏற்றப்பட்டு, முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து படகின் மீதுள்ள ஜெமினிப் பெட்டியில் வந்து விழுகின்றன. அங்கிருந்து மீனவரின் கைப்பேசிக்குள்ள தூரம் சில அடிகளே. அச்சில அடிகளைக் கடப்பது புளூடூத். கைப்பேசியிலுள்ள செயலி அச்செய்தியைத் தமிழ் உள்ளிட்ட ஒன்பது மொழிகளில் காட்டுகிறது.

1994இல் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தார் கம்பிகளுக்குப் பதிலாக உருவாக்கத் தொடங்கிய இந்தக் குறுந்தூர வானொலி, உரிமம் பெறாமலே யாரும் உபயோகிக்கத்தக்க 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவது. அதே வெளியில் இரைந்துகொண்டிருக்கும் பிற கருவிகளோடு மோதாதிருக்கும் பொருட்டு, மூலவடிவப் புளூடூத் 79 தடங்களிடையே விநாடிக்கு 1,600 முறை தாவித் தாவிப் பேசும். பொதுவாகப் பத்து மீட்டருக்குமேல் அதன் குரல் எட்டாது என்பது குறையன்று. மின்கலம் நெடுநேரம் தாக்குப்பிடிப்பதன் ரகசியமே அந்தச் சிறுகுரல்தான். தவிரவும், திரையும் விசைப்பலகையும் எல்லோர் சட்டைப் பையிலும் ஏற்கெனவே இருக்க, அவற்றை மீண்டும் ஒரு பெட்டியில் வைத்து விலையேற்றுவானேன்?

ஆனால் ஜெமினி காது மட்டுமே, வாயில்லாதது. கவிழும் படகிலிருப்பவருக்கு வானிலைச் செய்தியைவிட ஒரு கூக்குரல் அவசியம் என்பது என் துணிபு. இஸ்ரோவின் தொழில்நுட்பத்தால் ஆன இருவழிக் கருவி இதற்கு விடையளிக்கிறது. ஒரு லட்சம் படகுகளில் அதைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. 'நபமித்ரா' செயலியில் தட்டிய அபாயச் செய்தி புளூடூத் வழியே கருவிக்கும், அங்கிருந்து செயற்கைக்கோளுக்கும் சென்று, கரையிலுள்ள நிலையத்தில் இறங்கி, அதன்பின் பூமியின் வலைப்பின்னலில் கலந்து அதிகாரிகளை அடைகிறது. மறுமொழியும் அவ்வழியே திரும்புகிறது.

படகு சர்வதேச எல்லைக் கோட்டை நெருங்கும்போது எச்சரிக்கும் வசதியும் இதில் உண்டு. இலங்கையுடனான 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பாக் ஜலசந்தியில் வரையப்பட்ட அக்கோடு எங்கே என்று நன்றாய்த் தெரிந்தே, மீனைத் தொடர்ந்து போகிறவருக்கு அவ்வெச்சரிக்கை எவ்வளவு பயன்படும் என்பது வேறு விஷயம்.