சிரட்டையில் பிறந்த கொசு

மரச்சீனி மூட்டில் களை பறிக்க நானும் மைனியும் சேர்ந்துதான் குனிந்தோம். கால் மணி நேரத்தில் என் கணுக்கால் முழுக்கத் தடிப்பு. மைனிக்கு முழங்கையில் ஒன்றே ஒன்று. "உனக்க ரத்தம் இனிப்பாக்கும்" என்று சிரித்தார்.

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். இந்த ஊர்களில் ரேஷன் அட்டை மலையாளத்தில் இருக்கும், அடுக்களைப் பேச்சு தமிழில் இருக்கும். இரண்டு மொழியிலும் ரத்தம் இனிப்புத்தான். கொசுவுக்கோ அந்த இனிப்பு பொருட்டே இல்லை. ரத்தத்தைச் சுவைக்கும் முன்பே அது ஆளைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. தேர்ந்தெடுப்பது மணத்தை வைத்து.

கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டை வளர அதற்குப் புரதம் வேண்டும். பல மீட்டர் தள்ளி இருக்கும்போதே நம் மூச்சுக்காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதை உசுப்பிவிடும். மண்வெட்டி பிடிப்பவர் சும்மா உட்கார்ந்திருப்பவரைவிட அதிகம் மூச்சு விடுகிறார். அவர் உடம்பும் சூடாகிறது. அடுத்த வேலை கண்ணுக்கு. மூச்சுக்காற்றின் வாடை பட்ட பிறகு, டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு நிறங்களை நோக்கிப் பறக்கிறது. பச்சையையும் வெள்ளையையும் கண்டுகொள்வதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த இந்தச் சோதனை 2022-ல் வெளியானது. மனிதத் தோல் எந்த நிறமாக இருந்தாலும் அதிலிருந்து வரும் ஒளியில் சிவப்பும் ஆரஞ்சும் மிகுதி என்பதால் வெறும் காலோடு நிற்பதே ஓர் அழைப்பு. நான் அன்று கறுப்பு நிக்கரில் நின்றேன். மைனி வெளுத்துப்போன நைட்டியில்.

உடை மட்டும் காரணமில்லை. நியூயார்க்கிலுள்ள ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் 64 பேரின் முன்கையில் நைலான் உறையை மாட்டி, அதில் ஊறிய தோல் மணத்தைக் கொசுக்களுக்கு முன் வைத்தார்கள். எல்லோரையும்விட அதிகம் ஈர்த்தவரின் உறைக்கும் எல்லோரையும்விடக் குறைவாக ஈர்த்தவரின் உறைக்கும் இடையே வித்தியாசம் சுமார் நூறு மடங்கு. அதிகம் கடிபடுபவர்களின் தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் கூடுதலாக இருந்தன. தோலின் எண்ணெய்ப்பசையிலிருந்து வருபவை இவை. தோலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்குண்டு. 2022-ல் வெளியான இந்த ஆய்வில் மனசை உறுத்துவது வேறொன்று: ஆண்டுகள் கடந்து சோதித்தபோதும் கொசுவுக்குப் பிடித்தவர் பிடித்தவராகவே இருந்தார். லண்டனில் 2015-ல் இரட்டையர்களை வைத்துச் செய்த சோதனையும் இதே பக்கம்தான் சாய்கிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் இருவரையும் கொசுக்கள் ஏறக்குறைய ஒரே அளவு விரும்பின. தனித்தனிக் கருவில் உருவான இரட்டையரிடம் அந்த ஒற்றுமை குறைவு. ஆக, சோப்பை மாற்றிப் பெரிய பலன் இருக்காது. 'ஓ' ரத்த வகைக்காரரைத்தான் கொசு தேடிவரும் என்பதற்கும் ஆதாரம் மெலிவுதான்.

கர்ப்பிணிகள் விஷயம் தனி. காம்பியா நாட்டு ஆய்வொன்று 2000-ல் வந்தது. மலேரியா கொசுக்கள் கர்ப்பிணிகளை மற்றப் பெண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு நாடின. அவர்கள் வெளிவிடும் மூச்சு அதிகம், வயிற்றுப் பகுதியின் சூடும் சற்று அதிகம். பாறசாலையில் இருந்துகொண்டு இதைப் படித்தால் 2021 ஜூலை நினைவுக்கு வராமல் இருக்காது. ஏடிஸ் கொசு பரப்பும் ஜிகா வைரஸ் கேரளத்தில் முதன்முதலாக உறுதியானது இந்தப் பகுதியைச் சேர்ந்த 24 வயதுக் கர்ப்பிணிக்கு. அந்தச் செய்தி வந்ததும் தமிழ்நாட்டு எல்லையில் கண்காணிப்பு கூடியது. ஏடிஸ் கொசு தன் ஆயுளில் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் போவதில்லை. வைரஸைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுபோவது பஸ்ஸிலும் பைக்கிலும் போகிற நாம்தான்.

அந்தச் சில நூறு மீட்டரை நன்றாக யோசித்துப் பாருங்கள். என் கணுக்காலில் கடித்த கொசு என் விளையிலோ வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டு விளையிலோ பிறந்தது. அடித்துப் போட்டதைக் கையில் வைத்துப் பார்த்தேன். முதுகின் நடுவே வெள்ளையாக ஒற்றைக் கோடு, காலில் வெள்ளை வளையங்கள். புலிக்கொசு, ஏடிஸ் அல்போபிக்டஸ். பகலில், அதுவும் காலையிலும் சாயங்காலத்துக்கு முன்பும், நிழலில் கடிப்பது. இதற்கு ஓடையோ சாக்கடையோ வேண்டாம். ஒரு சிரட்டை மழைநீர் போதும்.

சிரட்டைக்கா இங்கே பஞ்சம்? நெய்யாற்றின்கரையின் மேட்டுப் பக்கமும் குலசேகரம் பக்கமும் ரப்பர் மரம் ஒவ்வொன்றிலும் பால் பிடிக்க ஒன்று தொங்கும். ஆனி, ஆடி மழையில் வெட்டு நின்றால் பாலுக்குப் பதில் தண்ணீர் நிற்கும். 2007-ல் கோட்டயம், பத்தனம்திட்டை ரப்பர் ஊர்களைச் சிக்குன்குனியா மடக்கிப்போட்டதற்கு ஒரு காரணம் இந்தச் சிரட்டைகள். இன்னொன்று வைரஸில் நேர்ந்த மாற்றம். அதன் மேலுறைப் புரதத்தில் 226-ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறியிருந்தது. அந்த ஒரு மாற்றத்தால் புலிக்கொசுவின் உடம்பில் வைரஸ் முன்னைவிட நன்றாகப் பெருகியது. கமுகம்பாளை, பூந்தொட்டியின் அடித்தட்டு, மரப்பொந்து, அன்னாசி இலைக்கக்கம் என்று அந்தக் கொசுவுக்கு வேறு வீடுகளும் உண்டு.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீரில் அல்ல, அதற்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஈரச் சுவரில். கரிப்பொடி ஒட்டியதுபோல் இருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழை தொட்டதும் பொரியும். பொரிந்ததிலிருந்து பறப்பதற்கு நம் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாள். கேரள சுகாதாரத் துறை வெள்ளிக்கிழமை பள்ளிக்கும், சனிக்கிழமை அலுவலகத்துக்கும், ஞாயிறு வீட்டுக்கும் என்று தேங்கிய நீரை அகற்றும் 'டிரை டே' வைத்திருப்பது இந்தக் கணக்கில்தான். தொட்டியைத் தேங்காய்ச் சவுரி போட்டு உரசிக் கழுவ வேண்டும். கொட்ட முடியாத குளத்துக்கும் கிணற்றுக்கும் மானத்துக்கண்ணி மீன் இருக்கிறது. மேற்பரப்பிலேயே திரிந்து, கொசுப்புழுவான கூத்தாடியைக் கொத்தித் தின்னும்.

அதுவரை என்னைப்போன்ற 'இனிப்பு ரத்தக்காரன்' என்ன செய்வது? வெளிறிய நிறத்தில் முழுக்கைச் சட்டை, காலை மூடும் உடை. வெளியில் தெரிகிற தோலில் டீட் அல்லது பிகாரிடின் உள்ள களிம்பு; வியர்த்து வழிந்தால் மறுபடி பூசவேண்டும். எலுமிச்சைப்புல்லை வேலியோரம் நட்டுவைத்தால் கொசு வராது என்று நர்சரிக்காரர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. இலையைக் கசக்காமல் எண்ணெய் வெளிவராது. எடுத்துப் பூசினாலும் அந்த எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும். வெளுப்பிலேயே பால் வெட்டப் போகிறவர்கள் இடுப்பில் கொசுவத்தியைக் கட்டிக்கொள்வார்கள். காற்றில்லாத தோட்டத்தில் அது ஓரளவு உதவும். திறந்த முற்றத்தில் புகை வேறு பக்கம் போய்விடும். திண்ணையில் உட்கார்ந்து பயறு உரிப்பவருக்கு ஒரு மேசை விசிறி இதைவிட மேல். கொசுவுக்குப் பறக்கும் வலு குறைவு, காற்றை எதிர்த்து வர அதற்கு முடியாது. நம் மூச்சின் வாடையும் கலைந்துபோகும்.

அன்று சாயங்காலம் மைனி விளையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மரத்தில் தொங்கிய சிரட்டைகளை நான் முன்பே கவிழ்த்திருந்தேன். அவர் கையில் இருந்தது கோழிக்குத் தண்ணீர் வைத்து மறந்த அலுமினியச் சட்டி. அதை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். அடியில் நாற்பது ஐம்பது கூத்தாடிகள், நிழல் பட்டதும் வளைந்து வளைந்து கீழே இறங்கின.

"எல்லாம் உனக்க பிள்ளைகளாக்கும்" என்றார்.